விமானம் ஏறும் நேரத்தில் ஏற்காடு சாக்லேட்: சேலத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சாக்லேட் என்றால் வெளியூரிலிருந்து வருவது என்றுதான் நம் வீடுகளில் வெகுகாலப் பழக்கம். துபாய் சித்தப்பா பெட்டியைத் திறந்தால் மேலே சென்ட் பாட்டில், அடியில் சாக்லேட் பை. அவர் திரும்பும்போது அதே பெட்டியில் பருப்புப்பொடி, எள்ளுருண்டை, நார்த்தங்காய் ஊறுகாய் ஏறும். இப்போது போக்கு மாறியிருக்கிறது. பெங்களூருவிலும் டல்லாஸிலும் இருக்கும் பிள்ளைகள் ஏற்காட்டுக்கு வந்துவிட்டுப் போனவர்கள். "வரும்போது அந்த மலைச் சாக்லேட் ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வாங்கப்பா" என்று போன் வருகிறது. எப்போது? டாக்ஸி வாசலில் நிற்கும்போது!

அந்த அவசரத்தில் என்ன வாங்குவது, எங்கே வாங்குவது, எதைப் பார்த்து வாங்குவது, சேலம் வெயிலில் உருகாமல் எப்படிக் கொண்டுபோவது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி நேரத்தில் நல்ல சாக்லேட் வாங்க நாக்கைவிடக் கண்தான் உதவும். பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு இரண்டு நிமிடம் போதும்.

படி 1: எந்த விமான நிலையம் என்று பார்த்து, வாங்கும் இடத்தை முடிவு செய்யுங்கள்

சேலம் விமான நிலையம் ஓமலூர் தாண்டி காமலாபுரத்தில் இருக்கிறது. ஊரிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். 2021-இல் நின்றுபோன சேவை 2023 அக்டோபரில், சிறு ஊர்களை விமானத்தில் இணைக்கும் உடான் திட்டத்தில் மறுபடி தொடங்கியது. சிறிய நிலையம், வந்து போவதும் சிறிய விமானங்கள். "உள்ளே கடையில் வாங்கிக்கலாம்" என்று நம்பி அங்கே போகாதீர்கள். பெரிய நிலையங்களைப் போல வரிசையாகக் கடைகள் இருக்கும் இடம் இல்லை அது. காமலாபுரத்தில் ஏறுகிறவர் கையில் சாக்லேட்டோடு போக வேண்டும்.

நம் ஊரிலிருந்து வெளிநாடு போகிறவர்களில் பெரும்பாலோர் பெங்களூரு, கோவை, சென்னை, திருச்சி வழியாகத்தான் போகிறார்கள். அந்த நிலையங்களில் சாக்லேட் அடுக்கிய கடைகள் இருக்கும். ஆனால் அங்கே 'ஏற்காடு' என்று போட்ட பெட்டியை எதிர்பார்க்க வேண்டாம். அங்கே எதைத் தேடலாம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆக, வாங்குவதற்கு மூன்று இடங்கள். மலையிலேயே வாங்குவது, சேலம் டவுனில் வாங்குவது, பெரிய விமான நிலையக் கடையில் வாங்குவது. நேரம் இருந்தால் இதே வரிசையில் தேடுங்கள்.

மலையிலிருந்து நேராக விமான நிலையம் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஏற்காட்டிலிருந்து சேலம் 30 கிலோமீட்டர்தான், ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு. இறங்க ஒரு மணி நேரம், அஸ்தம்பட்டியில் நுழைந்து ஊரைக் கடந்து ஓமலூர் சாலையைப் பிடித்து காமலாபுரம் சேர இன்னொரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு விமானத்துக்குப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் அடிவாரம் வரை வண்டி நகராது. மே மாதக் கோடை விழா நாட்களில் இறங்கும் வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவதும் உண்டு. அதனால் சாக்லேட்டை மலையிலிருந்து இறங்கும் நாளில் வாங்காமல், முதல் நாள் மாலையே வாங்கி அறையில் வைத்துவிடுங்கள். மலைக் குளிரில் அது ராத்திரி முழுக்க அசையாது.

படி 2: இதில் எது ஏற்காடு என்று புரிந்துகொள்ளுங்கள்

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் கோகோ விளைவதில்லை. பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும், ஆனால் விஷயம் அதுதான். கோகோ வெக்கையும் ஈரமும் நிழலும் கேட்கும் மரம். தமிழ்நாட்டில் அது பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்கிறது. 1,500 மீட்டர் உயரத்துக் குளிர் அதற்கு ஒத்துவராது. ஏற்காட்டில் உள்ளது காபி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபி கொண்டுவந்தார். அன்றிலிருந்து மலைச்சரிவெல்லாம் காபி, சவுக்குப் போல உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரங்கள், அந்த மரங்களில் ஏறிய மிளகுக் கொடி.

அப்படியானால் கடைகளில் 'ஹோம்மேட்' என்று விற்பது? பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் சாக்லேட் பாளத்தை வாங்கி, உருக்கி, முந்திரி, பாதாம், திராட்சை சேர்த்து, தட்டில் ஊற்றி ஆறவைத்து உடைத்துத் தருவது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இதே முறைதான். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. மிட்டாய்க்காரர் சர்க்கரையைத் தானே விளைவிப்பதில்லை அல்லவா? ஆனால் உள்ளூர்ச் சரக்கு என்று பரிசாகக் கொடுக்கும்போது, உள்ளூர் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது. கைவேலையில் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, உள்ளே சேர்ப்பதில் இருக்கிறது.

அதனால் என் பரிந்துரை இது: ஏற்காட்டில் வாங்கினால் காபி சேர்த்தது அல்லது மிளகு சேர்த்தது கேளுங்கள். வறுத்த காபிக்கொட்டையை முழுசாகச் சாக்லேட்டில் தோய்த்தது கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கடிக்கும்போது முதலில் கசப்பு, அப்புறம் இனிப்பு, கடைசியில் காபி மணம். ஃப்ரூட் அண்ட் நட் உலகம் பூராவும் கிடைக்கும். அதைத் தூக்கிக்கொண்டு டல்லாஸுக்குப் போவானேன்?

வாங்கும் முன் "இது இங்கேயே செஞ்சதுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மலைவாசஸ்தலக் கடைகளில் ஒன்றின் சரக்கு இன்னொன்றில் விற்பது சாதாரணம். ஊட்டித் தைலமும் வர்க்கி பிஸ்கட்டும் பயணம் செய்கிற பாதையில் சாக்லேட்டும் பயணம் செய்கிறது. வாய்ச்சொல் போதாது என்பவர்களுக்கு அடுத்த படி.

படி 3: பெட்டியைத் திருப்பிப் படியுங்கள்

முன்பக்கத்தில் மலை, மேகம், ஏரி, தங்க எழுத்து எல்லாம் இருக்கும். அதை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். ஐந்து இடங்களைப் பாருங்கள்.

முதலில் முகவரி. 'தயாரித்தவர்' என்ற இடத்தில் பின்கோடு என்ன? ஏற்காடு 636601. 636-இல் தொடங்கினால் குறைந்தது சேலம் வட்டாரம். 643 என்றால் நீலகிரி. 'பேக் செய்தவர்', 'விற்பனை செய்பவர்' என்று மட்டும் போட்டு உள்ளூர் முகவரி இருந்தால், செய்தது வேறெங்கோ என்று பொருள்.

அடுத்து எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண். உணவுப் பாதுகாப்புத் துறை கொடுக்கும் 14 இலக்க எண் இது. இது இல்லாத பெட்டியைப் பரிசாகக் கொடுக்காதீர்கள். 1-இல் தொடங்கினால் உரிமம், 2-இல் தொடங்கினால் சிறு தயாரிப்பாளருக்கான பதிவு. வீட்டில் வைத்துச் செய்கிறவர்களுக்கு 2-தான் இருக்கும், அதில் குறை ஒன்றும் இல்லை. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம். தமிழ்நாட்டுக்கு 24. ஆக 124 அல்லது 224 என்று தொடங்கினால் நம் மாநிலச் சரக்கு. சந்தேகம் இருந்தால் துறையின் தளத்திலேயே எண்ணைப் போட்டு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கலாம்.

மூன்றாவது, சேர்மானங்கள். இதுதான் முக்கியம். எடையில் அதிகமானது முதலில் வரும் என்பது விதி. சர்க்கரை முதலில் இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், பால் சாக்லேட் என்றாலே அப்படித்தான். அடுத்து வரும் கொழுப்பு எது என்று பாருங்கள். 'கோகோ பட்டர்' (கோகோக் கொட்டையின் கொழுப்பு), 'கோகோ மாஸ்' (கொட்டையை அரைத்த விழுது) என்று வந்தால் உண்மையான சாக்லேட். 'ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட்' என்றோ 'பாம் கெர்னல்' என்றோ வந்து, பின்னால் 'கோகோ சாலிட்ஸ்' வந்தால் அது காம்பவுண்ட். கோகோ பட்டருக்குப் பதில் தாவரக் கொழுப்பில் செய்தது. நம் நாட்டு விதிப்படி சாக்லேட் என்று பெயர் போட வேண்டுமானால் வேறு தாவரக் கொழுப்பு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதனால்தான் சில பெட்டிகளில் 'சாக்லேட்' என்ற சொல்லே இல்லாமல் 'சாக்கோ' என்று ஏதோ ஒரு பெயர் இருக்கும்.

காம்பவுண்ட் என்றால் தள்ள வேண்டியது என்று நான் சொல்லவில்லை. ஏன் என்பதை வெயில் பற்றிய படியில் பாருங்கள். ஆனால் காம்பவுண்டுக்கு உண்மைச் சாக்லேட் விலை கொடுக்கக் கூடாது.

நான்காவது, தேதி. மலைக் கடைகளில் சனி, ஞாயிறு சரக்கு பறக்கும், மற்ற நாட்களில் தூங்கும். தயாரித்த தேதி இல்லாமல் 'ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தவும்' என்று மட்டும் போட்டிருந்தால் அந்த ஆறு மாதம் எப்போது தொடங்கியது என்று யாருக்குத் தெரியும்?

கடைசியாகச் சைவக் குறி. பச்சை வட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அசைவத்துக்கு இப்போது பழுப்பு முக்கோணம். சாக்லேட்டில் என்ன அசைவம் என்று கேட்பவர்களுக்கு: முட்டை சேர்த்த கேக் துண்டு, ஜெலட்டின் சேர்த்த மார்ஷ்மெல்லோ. வீட்டில் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வியே இதுதான், பதிலோடு போங்கள்.

படி 4: தட்டிலிருந்து நிறுத்து வாங்கும்போது

கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டுத் தட்டாக அடுக்கி, கால் கிலோ, அரைக் கிலோ என்று நிறுத்துத் தரும் கடைகளில் படிக்க லேபிள் இருக்காது. இங்கே நாக்குக்கு வேலை உண்டு.

ஒரு துண்டு ருசி பார்க்கக் கேளுங்கள், கொடுப்பார்கள். வாயில் போடுவதற்கு முன் உடைத்துப் பாருங்கள். நன்றாகப் பதப்படுத்திய சாக்லேட் 'டக்'கென்று ஒலியோடு உடையும், உடைந்த ஓரம் நேராக இருக்கும். வளைந்து, பிய்ந்து, தூளாக உதிர்ந்தால் பதம் தவறியது அல்லது ஒருமுறை உருகி மறுபடி இறுகியது. மேற்பரப்பில் விபூதி பூசியது போல வெளுப்பு இருக்கிறதா? அது பூஞ்சணம் இல்லை. சூட்டில் கொழுப்பு மேலே ஏறிப் படிந்தது. சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் பரிசாகக் கொடுக்க முடியாது. கொடுத்தால் "கெட்டுப்போச்சுபோல" என்று குப்பைக்குத்தான் போகும்.

அப்புறம் மெல்லாமல் நாக்கில் வையுங்கள். கோகோ பட்டர் 34 டிகிரி அளவில் உருகும், நம் வாயின் சூடு அதைவிடக் கொஞ்சம் கூட. அதனால் உண்மைச் சாக்லேட் தானாகவே கரைந்து ஓடும். காம்பவுண்ட் கரைய நேரம் எடுக்கும். கடைசியில் மேலண்ணத்தில் மெழுகுபோல ஒரு பூச்சு தங்கும். தண்ணீர் குடித்தாலும் போகாது. டால்டா இனிப்பு சாப்பிட்டவர்களுக்கு இந்தப் பூச்சு நன்றாகத் தெரியும்.

நட்ஸ் போட்டதை மோந்து பாருங்கள். சிக்கு வாடை வந்தால் வேண்டாம். நிலக்கடலையும் முந்திரியும் சாக்லேட்டுக்கு முன்பே கெட்டுவிடும்.

கேட்க வேண்டியதை நேராகவே கேட்டுவிடலாம். ஏரிப் பக்கக் கடைகளில் காதில் விழுகிற பேச்சு இந்த மாதிரி இருக்கும்:

"ஏங்க, இது கோகோ பட்டருங்களா, காம்பவுண்டுங்களா?"

"இந்தத் தட்டு காம்பவுண்டுங்க. அந்த ஓரத்துல இருக்கறது பட்டர் போட்டது, வெல கூட. எங்க கொண்டு போறீங்க?"

"மெட்ராசுங்க. ராத்திரி பஸ்ஸு."

"அப்ப இதையே வாங்கிக்குங்க. அது அடிவாரம் போறதுக்குள்ள கொழகொழன்னு ஆயிரும்."

இப்படிச் சொல்கிற கடைக்காரர் கிடைத்தால் விடாதீர்கள். எல்லாமே சுத்தமான சாக்லேட் என்று சாதிப்பவரைவிட இவர் சரக்கு நம்பத் தகுந்தது.

க்ரீம் வைத்தது, பழக்கூழ் வைத்தது, மெத்தென்று ஃபட்ஜ் மாதிரி இருப்பது, இவற்றைப் பயணத்துக்கு வாங்க வேண்டாம். ஈரம் இருக்கும் சாக்லேட் சீக்கிரம் கெடும். கெட்டிச் சாக்லேட்டில் ஈரம் மிகக் குறைவு, அதனால்தான் மாதக்கணக்கில் நிற்கிறது. எடை போடும்போது டப்பாவின் எடையைக் கழிக்கச் சொல்லுங்கள். அட்டைப் பெட்டியின் எடைக்கும் முந்திரி விலை கொடுப்பவர்கள் உண்டு.

படி 5: சேலம் வெயிலைக் கணக்கில் எடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஏற்காட்டில் இதமான குளிர். முப்பது கிலோமீட்டர் கீழே ஏப்ரல் மதியம் 38, 40. நிறுத்திவைத்த காரின் டிக்கியில் இன்னும் அதிகம். 34 டிகிரியில் உருகும் பொருளை இந்த வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். கோகோ பட்டரின் குணம் இன்னொன்று: அது ஆறு விதமாக உறையக் கூடியது. அதில் ஒரே ஒரு விதம்தான் பளபளப்பும் 'டக்' ஒலியும் தருவது. சாக்லேட் செய்கிறவர் சூட்டைக் கூட்டிக் குறைத்துப் பதப்படுத்துவது அந்த ஒரு விதத்தைப் பிடிக்கத்தான். ஒருமுறை முழுதாக உருகிவிட்டால் அந்தப் பதம் போய்விடும். வீட்டில் ஃப்ரிட்ஜில் வைத்தால் இறுகும், ஆனால் பழையபடி வராது.

காம்பவுண்டில் இருக்கும் கொழுப்பு இன்னும் சில டிகிரி கூடத் தாங்கும், இந்தப் பதப்படுத்தும் தொல்லையும் இல்லை. மலைக் கடைகள் அதையே அதிகம் பயன்படுத்துவதற்கு விலை மட்டும் காரணம் இல்லை. ஆக ருசியில் முந்துவது ஒன்று, பயணத்தில் முந்துவது இன்னொன்று. மார்ச் முதல் ஜூன் வரை, ஏ.சி. இல்லாத பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம் போய் விமானம் ஏறுகிறவர் காம்பவுண்ட் வாங்குவதில் தப்பே இல்லை. ஏ.சி. காரில் வீட்டு வாசலில் ஏறி விமான நிலையத்தில் இறங்குகிறவர், அல்லது நவம்பர் முதல் ஜனவரி வரை போகிறவர், கோகோ பட்டர் போட்டதை வாங்கலாம். வெயில் காலத்தில் பால் சாக்லேட்டைவிட டார்க் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஒயிட்டும் பாலும்தான் முதலில் தொய்யும்.

கட்டும் முறை: சாக்லேட்டைக் காற்றுப் புகாத கவரில் போட்டு, அதன் மேல் நாலைந்து மடிப்பாகச் செய்தித்தாள் சுற்றி, பையின் நடுவில், துணிகளுக்கு இடையில் வையுங்கள். தெர்மாகோல் டப்பா கிடைத்தால் இன்னும் நல்லது. ஐஸ் வேண்டாம். ஐஸ் உருகி ஈரம் பட்டால் சாக்லேட்டின் மேல் சர்க்கரை கரைந்து, காய்ந்ததும் சொரசொரவென்று படியும். அதை எதைக் கொண்டும் சரிசெய்ய முடியாது. ஜெல் பேக்கை செக்யூரிட்டியில் நிறுத்துவார்கள்.

காரில் டிக்கி கூடாது, காலடியில் ஏ.சி. காற்று படும் இடம் சரி. விமானத்தில் சாக்லேட் கைப்பையில் இருக்கட்டும். செக்-இன் பெட்டி விமானத்தில் ஏறும் முன் தரையில் வெயிலில் நிற்கும். நம் நிலையத்தின் தார்த்தளத்தில் மே மாத மதியத்தில் ஒரு நிமிடம் நின்று பார்த்தவருக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம்.

படி 6: யாருக்கு எது

அலுவலகத்துக்கு என்றால் தனித்தனியாக ஜிகினாத் தாள் சுற்றியது. ஒருவர் கை படாமல் மற்றவர் எடுக்கலாம். குழந்தைகளுக்கு முந்திரி, பாதாம் போட்டதை வாங்கும் முன் அவர்கள் பெற்றோரிடம் கேளுங்கள். வெளிநாட்டில் பல பள்ளிகளில் நட்ஸ் உள்ளே விடுவதில்லை.

சர்க்கரை நோய் உள்ளவருக்கு டார்க் வாங்கிக் கொடுத்து "இது ஒண்ணும் பண்ணாது மாமா" என்று சொல்லும் வழக்கத்தை விட்டுவிடுவோம். டார்க்கிலும் சர்க்கரை உண்டு, 50 சதவீத டார்க் என்றால் மீதியில் பெரும்பகுதி சர்க்கரைதான். 'சுகர் ஃப்ரீ' என்று விற்பதில் மால்டிட்டால் இருக்கும். அதுவும் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றும், நாலு துண்டு சேர்ந்தால் வயிற்றைக் கலக்கும். விமானத்துக்கு முன் சாப்பிடக் கொடுக்காதீர்கள்! மாமாவுக்கு ஏற்காடு காபித்தூள் அரைக் கிலோ வாங்குங்கள். அது நிஜமாகவே அந்த மலையில் விளைந்தது.

பெட்டி விஷயத்தில் எனக்கொரு ஆசை உண்டு. அட்டைப் பெட்டி வழியில் நசுங்கும், பிரித்ததும் குப்பை. சேலம் உருக்காலை இருக்கும் ஊர்க்காரர்கள் நாம். சின்ன எவர்சில்வர் டப்பா ஒன்றில் நிறுத்து வாங்கிய சாக்லேட்டைப் போட்டு, மூடியில் பெயர் வெட்டிக் கொடுத்தால், சாக்லேட் தீர்ந்த பிறகும் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் அது இருக்கும். பாத்திரக் கடையில் பெயர் வெட்ட ஐந்து நிமிடம்தான். ஆனால் எக்ஸ்ரேயில் உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியாது. செக்யூரிட்டியில் திறக்கச் சொல்வார்கள், அதனால் மேலே ரிப்பன் கட்டி இறுக்காதீர்கள்.

படி 7: பெரிய விமான நிலையக் கடையில், கையில் கால் மணி நேரம்

மலையும் போயிற்று, டவுனும் போயிற்று, பெங்களூருவிலோ சென்னையிலோ போர்டிங் அழைப்புக்குக் காத்திருக்கிறீர்கள். சுவிஸ், பெல்ஜியம் பெட்டிகள் கண்ணைப் பறிக்கும். போகிற ஊரில் அதெல்லாம் இதைவிட மலிவாகக் கிடைக்கும், விடுங்கள்.

கண்ணை இந்தியச் சரக்கின் பக்கம் திருப்புங்கள். நம் தெற்கிலேயே கோகோ விளைந்து, இங்கேயே கொட்டையை வறுத்து அரைத்துச் சாக்லேட் ஆக்குகிறவர்கள் இப்போது பலர். பொள்ளாச்சிப் பக்கத்து 'சாக்லெட்' (Soklet) நிறுவனம், ஆரோவில்லின் மேசன் அண்ட் கோ, கொச்சியின் பால் அண்ட் மைக், மைசூருவின் நவிலுனா. இந்தப் பெயர்களில் எது கண்ணில் பட்டாலும் எடுங்கள். விலை கூடத்தான். ஆனால் சேலத்திலிருந்து போகிறவர் ஆனைமலைக் கோகோவை 'எங்க பக்கத்துச் சாக்லேட்' என்று சொல்லிக் கொடுப்பதில் பொய் இல்லை. கொங்கு நாட்டுத் தென்னந்தோப்பு நமக்கு அயலா என்ன? பட்ஜெட் இடிக்கிறது என்றால், மங்களூருவில் 1973-இல் தொடங்கிய விவசாயிகள் கூட்டுறவான காம்ப்கோவின் சாக்லேட்டை வழியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டிலேயே வாங்கிவிடலாம். கோகோவும் நம் விவசாயிகளுடையது.

விலை பார்க்கும்போது பெட்டியின் அளவைப் பார்க்காதீர்கள். 'நிகர எடை' என்ன என்று பாருங்கள். இப்போது ஒரு கிராம் என்ன விலை என்பதையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். பெரிய பெட்டிக்குள் பிளாஸ்டிக் குழிகளில் பன்னிரண்டு துண்டு உட்கார்ந்திருக்கும், மொத்தம் நூறு கிராம்கூட வராது. எம்.ஆர்.பி.-க்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை, விமான நிலையம் என்பதற்காக அந்த விதி மாறாது. 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்றால் உடனே காலாவதித் தேதியைப் பாருங்கள்.

படி 8: செக்யூரிட்டியும் கஸ்டம்ஸும்

கெட்டிச் சாக்லேட் கைப்பையில் தாராளமாகப் போகும். உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோதான் வரம்பு, சாக்லேட் அதற்குள் அடங்க வேண்டும். கனமான சாக்லேட் பாளங்களை எக்ஸ்ரேயில் பார்த்துப் பையைத் திறக்கச் சொல்வது உண்டு. கீழே புதைக்காமல் சீக்கிரம் எடுக்கும் இடத்தில் வையுங்கள்.

சாக்லேட் ஸ்ப்ரெட், சாஸ், தேன் எல்லாம் திரவக் கணக்கு. வெளிநாட்டு விமானத்தில் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் கூடாது. ஏற்காட்டுத் தேன் பாட்டிலைக் கடைசி நிமிடத்தில் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். காபித்தூளையும் செக்-இன் பெட்டியிலேயே போடுங்கள். அமெரிக்கா, ஆஸ்திரேலியா போகும் விமானங்களில் 350 மில்லி அளவுக்கு மேற்பட்ட தூள்களைக் கைப்பையில் தனியாகச் சோதிப்பார்கள். மிளகாய்த் தூள் கைப்பையில் வேண்டவே வேண்டாம்.

வளைகுடா நாடுகளுக்கு மது நிரப்பிய சாக்லேட் எடுத்துப் போகாதீர்கள். சாக்லேட்டோடு அம்மா கொடுத்தனுப்பும் மசாலாவில் கசகசா இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், அங்கேயும் சிங்கப்பூரிலும் அதற்குத் தடை. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் உணவுப்பொருள் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிவித்துவிட்டால் கெட்டிச் சாக்லேட்டுக்குப் பொதுவாகச் சிக்கல் வராது. மறைத்தால்தான் அபராதம். எல்லாவற்றுக்கும் பில்லை வைத்திருங்கள். லேபிள் இல்லாத ஜிகினாப் பொட்டலத்தை அதிகாரிக்கு விளக்குவதைவிட லேபிள் ஒட்டிய பெட்டியை நீட்டுவது சுலபம். வெளிநாட்டுக்கு என்றால் நிறுத்து வாங்குவதைத் தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான்.

படி 9: போய்ச் சேர்ந்த பிறகு

போனதும் பிரிக்காதீர்கள். தொட்டால் மெத்தென்று இருக்கிறதா? வெயில் படாத அறையில் அப்படியே ஓர் இரவு வையுங்கள். ஃப்ரீசரில் போட்டு இறுக்கினால் வெளுத்துத்தான் வரும். அந்த வீட்டில் ஏ.சி. இல்லை, ஃப்ரிட்ஜ்தான் வழி என்றால், காற்றுப் புகாத கவரோடு கீழ்த்தட்டில் வைத்து, வெளியே எடுத்த பின் அரை மணி நேரம் கவரைத் திறக்காமல் விடுங்கள். குளிர்ந்த சாக்லேட்டின் மேல் காற்றிலுள்ள ஈரம் படிவதை அது தடுக்கும். கவர் இல்லாவிட்டால் பக்கத்திலிருக்கும் சாம்பார் வெங்காய வாசனையையும் சேர்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

முழுக்க உருகி ஒரே கட்டியாகிவிட்டது என்றால் கவலைப்படாமல் உருக்கிவிடுங்கள். நேரடி நெருப்பில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரத்தை வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தால் திரிதிரியாகக் கட்டிக்கொள்ளும். சூடான பாலில் கலந்து, கொண்டுபோன காபித்தூளில் ஒரு சிட்டிகையை மேலே தூவிக் கொடுத்தால், பிள்ளைகள் அடுத்த முறையும் அதையே கேட்பார்கள்.